லிகுரியக் கடற்கரையும் அதன் பின்னுள்ள மலைகளும்: மலைமிதிவண்டிக்கு எந்த வழி?

மழைப்பாதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் இரண்டாம் பாதியில் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு வார விடுமுறை கிடைக்கிறது. சூரிச்சிலிருந்து வண்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, மிலான், ஜெனோவா வழியாக இத்தாலியின் லிகுரியக் கடற்கரைக்குப் போகலாம் என்று எண்ணியிருக்கிறோம். அந்த நேரத்தில் ஆல்ப்ஸின் உயரமான பாதைகளில் பனி விழத் தொடங்கிவிடும் என்பதால், கடலை ஒட்டிய மலைகளில் இன்னும் சில நாள் மண்ணில் ஓட்டலாம் என்பது எங்கள் ஆசை.

நான் முதலில் வகுத்த திட்டம் இது. பிரெஞ்சு எல்லையை ஒட்டிய வென்டிமில்யாவில் தொடங்கி, ஒவ்வொரு நாளும் கடற்கரையோரமாகக் கிழக்கே நகர்ந்து, சான்ரெமோ, ஃபினாலே லிகுரே, சவோனா, ஜெனோவா ஆகிய ஊர்களைக் கடந்து, சின்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கடலோர ஊர்கள் வரை செல்வது. இடையிடையே உள்நாட்டுக் குன்றுகளில் ஏறி இறங்குவது. வரைபடத்தில் கடலும் மலையும் இவ்வளவு நெருங்கி நிற்பதைப் பார்க்கும்போது இது எளிதில் கைகூடும் என்றே தோன்றுகிறது. ஆனால் இதைக் கேட்ட நண்பர் ஒருவர், ஃபினாலேயை விட்டு நகரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொருவரோ, மலைமுகட்டிலேயே செல்லும் ஆல்டா வியா நெடும்பாதையைத்தான் ஓட்ட வேண்டும் என்கிறார்.

எங்கள் வண்டிகள் இரண்டும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளவை. முன்புறம் 140 மில்லிமீட்டர் அமுங்கும். மின்மோட்டார் கிடையாது. எனக்குப் பாறையும் வேரும் நிறைந்த இறக்கங்கள் பிடிக்கும். என் மனைவி நெடிய ஏற்றங்களைச் சலிக்காமல் மிதிப்பவர். ஆனால் ஒரு பக்கம் பள்ளமாகத் திறந்திருக்கும் குறுகலான பாதையில் இறங்க விரும்பமாட்டார். இருவரும் சேர்ந்தே ஓட்ட வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம். ஓரிடத்தில் தங்குவது நல்லதா, நகர்ந்துகொண்டே இருப்பது நல்லதா? வண்டிகளை வேனில் ஏற்றி மேலே கொண்டுவிடும் சேவை எங்களுக்குத் தேவைப்படுமா? அக்டோபர் மழையைப் பற்றி எவ்வளவு கவலைப்பட வேண்டும்? அங்கே ஓட்டியவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வடகாற்று எழுதியது:

வணக்கம் நண்பரே. உங்கள் முதல் நண்பர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். காரணம் அந்த நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

லிகுரியாவில் மலைத்தொடர் கடலுக்கு இணையாக ஓடுகிறது. ஆனால் ஓட்டத் தகுந்த ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் முகட்டிலிருந்து கடலை நோக்கிக் குறுக்காக இறங்குகின்றன. கடலோரமாகவே கிழக்கு நோக்கி நகர வேண்டுமென்றால் உங்களுக்குக் கிடைப்பது அவுரேலியா நெடுஞ்சாலைதான். ரோமானியர் காலத்துப் பெயரைத் தாங்கிய அந்தச் சாலை, பாறை முனைகளைச் சுற்றியும் குடைந்தும் செல்கிறது. ஒரு பக்கம் மதிலும் மறுபக்கம் போக்குவரத்தும் நெருக்க, மலைமிதிவண்டியின் தடித்த டயர்களை அங்கே தாரில் உருட்டிக்கொண்டு போவதில் எந்த இன்பமும் இல்லை. காரில் நகர்ந்தாலும் ஒவ்வோர் இடமாற்றமும் அரை நாளை விழுங்கிவிடும். ஒரு வாரத்தில் ஒரு மலைச்சரிவை நன்றாக அறிந்துகொள்வது, ஐந்து சரிவுகளை எட்டிப் பார்ப்பதைவிட நிறைவானது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஃபினாலேயைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கரையில் இல்லை.

ஃபினாலே லிகுரே என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது பல குடியிருப்புகளின் சேர்க்கை. ஃபினால்மரீனா, ஃபினால்பியா, வரிகோத்தி ஆகியவை கடற்கரையில் இருக்கின்றன. சற்று உள்ளே தள்ளி, மதில் சூழ்ந்த பழைய ஊரான ஃபினால்போர்கோ இருக்கிறது. தெல் கரேத்தோ என்ற குடும்பத்தினர் ஆண்ட சிற்றரசின் தலைநகரம் அது. நீங்கள் ஃபினால்போர்கோவில் தங்குங்கள். பெரும்பாலான பாதைகளுக்குக் காரை எடுக்காமலேயே புறப்படலாம். வண்டி பழுதுபார்க்கும் கடைகள் மதிலுக்குள்ளேயே இருக்கின்றன. மாலையில் சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முழங்கால் காப்பைக் கழற்றாதவர்களாகவும், மீதிப் பேர் கயிற்றுச் சுருளோடு பாறை ஏறிவிட்டு வந்தவர்களாகவும் இருப்பார்கள்.

இப்போது பாதைகளுக்கு வருகிறேன். கடலிலிருந்து உள்நோக்கிப் போகும் சாலை, 1028 மீட்டர் உயரத்தில் மெலோன்யோ கணவாயை அடைகிறது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கோட்டை ஒன்று இருக்கிறது. சாலை அந்தக் கோட்டையின் வாயில்களுக்குள்ளேயே நுழைந்து மறுபுறம் வெளியேறுகிறது. கணவாயைச் சுற்றிப் பீச் மரக்காடு. அதே முகட்டில் கிழக்கே பியான் தேய் கோர்சி என்ற இடத்தில், பனிப்போர்க் காலத்தில் இயங்கி இப்போது கைவிடப்பட்ட தகவல்தொடர்பு நிலையம் நிற்கிறது. ஓட்டுநர்கள் எல்லோரும் அதை ‘நேட்டோ தளம்’ என்றே அழைக்கிறார்கள். வேன்களும் இங்கேதான் ஆட்களை இறக்கிவிடுகின்றன. ரோலர் கோஸ்டர், மாத்ரே நத்தூரா முதலிய பெயர்பெற்ற இறக்கங்கள் இப்பகுதியில்தான் தொடங்குகின்றன. இவற்றில் ரோலர் கோஸ்டர் காட்டுக்குள் சிறு மேடுகளும் திருப்பங்களுமாக ஓடுவது. மாத்ரே நத்தூரா அதைவிடச் செங்குத்து. வேரும் கல்லும் மிகுதி. உங்களுக்கு இரண்டாவது, உங்கள் துணைவியாருக்கு முதலாவது என்று நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் இந்த மலையின் சிறப்பு பெயர்பெற்ற இறக்கங்களில் அடங்கிவிடுவதில்லை. மேலிருந்து கீழே வர வர நிலம் மாறுவதில்தான் அது இருக்கிறது. உயரத்தில் உள்ள பாறை உருமாறிய பழம்பாறை. புவியியலாளர்கள் அதை மெலோன்யோ போர்ஃபிராய்டு என்று அந்தக் கணவாயின் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். அதன் மேல் கறுத்த காட்டு மண்ணும் இலைச்சருகும் படிந்திருக்கும். டயர் அமுங்கி ஓடும். கீழே இறங்கும்போது பீச் மரங்கள் மறைந்து கஷ்கொட்டை மரங்களும், பிறகு ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்கும் ஹோம் ஓக் மரங்களும் வருகின்றன. கடலுக்கு அருகில் வந்ததும் மண் செம்மண்ணாகிறது. ‘ஃபினாலே கல்’ எனப்படும் வெளிர் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப்பாறை ஆங்காங்கே எலும்பைப் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் பாறை உலர்ந்திருக்கும்போது டயரை இறுகப் பிடித்துக்கொள்ளும்; நம்ப முடியாத சரிவுகளிலும் பிரேக் வேலை செய்யும். நனைந்துவிட்டால், குறிப்பாகப் பலர் ஓட்டி வழவழப்பான இடங்களில், எந்த டயரும் நிற்காது. ஆகவே, காலையில் எந்தப் பாதை என்று முடிவு செய்யும்முன் முந்தின இரவு மழை பெய்ததா, பெய்திருந்தால் எந்தப் பாறையில் ஓட்டப்போகிறோம் என்று பாருங்கள். பாதையின் கடினத்தன்மையைக் காட்டும் நிறக்குறியீடு இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

வேன் தேவையா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு நாள் மட்டும் பயன்படுத்துங்கள். வேனில் ஏறுபவர்கள் ஒரே நாளில் பல முறை முகட்டுக்குப் போய், பல ஆயிரம் மீட்டர் இறங்கிவிடுகிறார்கள். மூன்றாவது இறக்கத்தில் முன்கைகள் மரத்துப்போய், பாதையைச் சுற்றி என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கீழே வருகிறார்கள். நெடிய ஏற்றங்களை விரும்பும் ஒருவர் உங்களுடன் இருக்கும்போது, மிதித்தே ஏறுவதுதான் இருவருக்கும் பொருந்தும் வழி. மெலோன்யோ சாலையில் கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும் என்றாலும் சரிவு சீரானது. காலையில் சீக்கிரம் புறப்பட்டால் போக்குவரத்தும் குறைவு.

இருவரும் சேர்ந்து ஓட்ட நான் முதலில் கைகாட்டுவது போன்ச்சிப் பள்ளத்தாக்கு வழியாக மானியே மேட்டுநிலத்துக்கு ஏறும் பாதையைத்தான். கி.மு. 13-இல் அகஸ்டஸ் ஆட்சியில் தொடங்கப்பட்ட யூலியா அகஸ்டா என்ற ரோமானியச் சாலை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் சென்றது. அதன் ஐந்து கற்பாலங்கள் இங்கே இருக்கின்றன; சில சிதைந்துவிட்டாலும், தேவதைகளின் பாலம் என்று பொருள்படும் போன்தே தெல்லே ஃபாத்தே இன்றும் முழு வளைவோடு நிற்கிறது. பள்ளத்தாக்கின் இருபுறமும் சுண்ணாம்புப்பாறைச் சுவர்கள், கீழே நிழல், வழி கல் நிறைந்ததாக இருந்தாலும் மிதித்தே ஏறலாம். மேலே ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் மானியே மேட்டுநிலம் விரிகிறது: செம்மண் வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், பைன் மரங்கள், ஒன்றிரண்டு உணவகங்கள். 24 மணி நேரத் தொடர் மிதிவண்டிப் போட்டி இந்த மேட்டில்தான் நடக்கிறது. அங்கே சுற்றி ஓடும் பாதைகளில் பள்ளம் திறந்திருக்கும் இடங்கள் குறைவு. உங்கள் துணைவியார் நாள் முழுவதும் அச்சமின்றி ஓட்டலாம்.

மேட்டின் தெற்கு விளிம்பிலிருந்து வரிகோத்திக்கு இறங்கும் பாதைகள் வேறு வகை. டிஎச் (டவுன்ஹில்) வோமினி, டிஎச் டொன்னே என்று அழைக்கப்படும் அவை படிப்படியான பாறைகளும் இறுக்கமான கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டவை. முன்சக்கரத்துக்கு நேர் கீழே கடல் தெரியும். அங்கே நீங்கள் தனியாக இறங்குங்கள். அவர் தார்ச்சாலை வழியாக வந்து கடற்கரையில் உங்களுடன் சேர்ந்துகொள்ளலாம். இருவரும் சேர்ந்து ஓட்டுவது என்றால் ஒவ்வொரு வளைவையும் சேர்ந்தே கடக்க வேண்டும் என்பதில்லை. ஏற்றத்தையும் மேட்டையும் சேர்ந்து ஓட்டிவிட்டுக் கடைசி இறக்கத்தில் பிரிவது எங்கள் குடும்பத்தில் நன்றாகவே நடக்கிறது.

2013-இல் எண்டூரோ (இறக்கங்களில் மட்டும் நேரம் கணக்கிடும் மலைமிதிவண்டிப் போட்டி) உலகத் தொடர் முதன்முதலாக நடத்தப்பட்டபோது அதன் இறுதிச் சுற்று ஃபினாலேயில்தான் நடந்தது. அந்தப் புகழால் வந்த கூட்டத்தைத் தாங்கும் அளவுக்குப் பாதைகள் நன்கு பராமரிக்கப்படுகின்றன. பழைய கழுதைப் பாதைகள், கரி சுட்டவர்களின் பாதைகள், ஆலிவ் தோட்டங்களின் படிக்கட்டு வரப்புகள் எல்லாம் இந்த வலையமைப்பில் சேர்ந்திருக்கின்றன. சாந்தில்லாமல் அடுக்கிய கல் வரப்புகளின் மேல் வண்டியை ஏற்றாதீர்கள். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த மழையில் ஒரு பகுதியே சரியும். அதைக் கையால் மீண்டும் அடுக்குபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.


கணவாய்க்கப்பால் எழுதியது:

வடகாற்று அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஒரு வாரம் முழுவதையும் ஃபினாலேயிலேயே கழித்தால் லிகுரிய மலைகளின் உயரமான பாதியைப் பார்க்காமலேயே திரும்பிவிடுவீர்கள் என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

உங்கள் இன்னொரு நண்பர் குறிப்பிட்ட ஆல்டா வியா, வென்டிமில்யாவிலிருந்து லா ஸ்பெட்சியா பக்கம் வரை முகட்டோடு செல்லும் ஏறத்தாழ 440 கிலோமீட்டர் நடைபாதை. சிவப்பு வெள்ளை சிவப்புக் கோடுகளுக்கு நடுவே ‘ஏவி’ என்ற எழுத்துகள் உள்ள அடையாளம் வழியெங்கும் இருக்கும். அதை முழுவதுமாக வண்டியில் ஓட்ட முடியாது. பல இடங்களில் வண்டியைத் தோளில் சுமக்க வேண்டும். ஒரு வாரத்தில் அது முடியாத காரியம் என்பதால் அந்த யோசனையை விட்டுவிடுங்கள். ஆனால் அதன் சில துண்டுகள் மிக அருமையானவை. மெலோன்யோவுக்கும் பியான் தேய் கோர்சிக்கும் இடையே முகட்டில் செல்லும் பகுதி அவற்றுள் ஒன்று. பீச் காட்டின் ஊடே அகலமான வழி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, அக்டோபர் கடைசியில் இலைகள் செம்பு நிறமாக மாறியிருக்கும். உங்கள் துணைவியாருக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள்.

மேற்கே, பிரான்சும் பியமோந்தேயும் லிகுரியாவும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் சக்கரெல்லோதான் லிகுரியாவின் மிக உயர்ந்த மலை. உயரம் 2201 மீட்டர். அதன் அருகிலுள்ள மொனேசியிலிருந்து லிமோனே வரை, 1800 மீட்டருக்கும் 2100 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், பழைய இராணுவச் சாலை ஒன்று தார் போடாமல் கிடக்கிறது. ‘ஆல்டா வியா தெல் சாலே’, அதாவது உப்புப் பாதை என்று அதற்குப் பெயர். நீளம் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது ஒற்றையடிப் பாதை அல்ல. அகலமான சரளைக்கல் சாலை. ஆனால் நெடிய ஏற்றத்தை விரும்புகிறவருக்கு மத்தியதரைக் கடலுக்கு இவ்வளவு அருகில் இதற்கு ஈடான உயர்மலைச் சாலை வேறில்லை. சிக்கல் என்னவென்றால், உங்கள் தேதிகளில் அந்த உயரத்தில் பனி விழுந்திருக்கக்கூடும். போகும் வழியில் வானிலை தெளிவாக இருந்தால் மட்டும் முதல் நாளில் இதற்கு இடம் கொடுங்கள். ஆட்டு மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் எதிர்ப்பட்டால் வண்டியிலிருந்து இறங்கி, அதை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடந்து செல்லுங்கள்.

உங்கள் மேற்குத் திட்டத்தில் காப்பாற்றத் தக்க இன்னொரு பகுதி உண்டு. சான் லொரென்ட்சோவுக்கும் ஒஸ்பெதலேத்திக்கும் இடையே கடலை ஒட்டிச் சென்ற ரயில் பாதை 2001-இல் உள்ளே மலைக்குள் மாற்றப்பட்டது. கைவிடப்பட்ட பழைய தடம் 24 கிலோமீட்டர் நீள மிதிவண்டிப் பாதையாக மாறியிருக்கிறது. சுரங்கங்களும் பழைய நிலையங்களும் அப்படியே இருக்கின்றன. கடலோரமாக நகர அவுரேலியா நெடுஞ்சாலைதான் கிடைக்கும் என்று வடகாற்று சொன்னதற்கு இது ஒரு நல்ல விதிவிலக்கு. கால்களுக்கு ஓய்வு தேவைப்படும் நாளில் சான்ரெமோவுக்குக் காரில் போய், காலையில் இதை ஓட்டிவிட்டு, தெம்பு இருந்தால் பிற்பகலில் பின்புறமுள்ள சான் ரோமொலோவுக்கு ஏறலாம். 1299 மீட்டர் உயரமுள்ள பின்யோனே மலையின் சரிவில் இருக்கிறது அந்தக் கிராமம். முன்பு சான்ரெமோவிலிருந்து அந்த மலையுச்சி வரை கம்பிவடத் தொங்கூர்தி ஓடியது. இப்போது மலையிலிருந்து ஊருக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதைகள் பல இருக்கின்றன. ஃபினாலேயைவிடக் கூட்டமும் மிகக் குறைவு.


செம்மண்தடம் எழுதியது:

மழையைப் பற்றி யாரும் இன்னும் முழுமையாகச் சொல்லவில்லை. லிகுரியாவில் அக்டோபரும் நவம்பரும்தான் ஆபத்தான மாதங்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோடை முழுவதும் சூடேறிய கடல் இலையுதிர்காலத்திலும் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கும். தென்கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும், மலையின் தாழ்வான இடைவெளிகள் வழியாக வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் கடல்மேல் மோதும்போது புயல் மேகங்கள் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் உருவாகி, மணிக்கணக்கில் அதே பள்ளத்தாக்கின் மேல் கொட்டும். ஓடைகள் குறுகியவை, மலை செங்குத்து; ஆகவே நீர் கடலை அடைய எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. 2011 அக்டோபர் 25 அன்று சின்க்வே தெர்ரேயின் வெர்னாட்சா, மொந்தெரோசோ ஆகிய ஊர்கள் இப்படித்தான் சேற்றில் புதைந்தன. 2019 நவம்பரில், பெருமழையைத் தொடர்ந்து ஏற்பட்ட மண்சரிவு சவோனாவுக்கு அருகே நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றையே இடித்துத் தள்ளியது.

இதனால் பயணத்தையே கைவிட வேண்டும் என்பதில்லை. லிகுரிய நிர்வாகம் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறங்களில் வானிலை எச்சரிக்கை வெளியிடுகிறது. ஒவ்வொரு மாலையும் அதைப் பாருங்கள். ஆரஞ்சு அறிவிக்கப்பட்டிருந்தால் பள்ளத்தாக்குகளுக்குள் போகாதீர்கள். ரோமானியப் பாலங்கள் உள்ள போன்ச்சிப் பள்ளத்தாக்கும் இதில் அடங்கும். சிவப்பு என்றால் வெளியே செல்லவே வேண்டாம். எச்சரிக்கை நீங்கிய பிறகு சுண்ணாம்புப்பாறைப் பகுதி விரைவில் காய்ந்துவிடும், ஏனெனில் அந்தப் பாறை நீரை உள்ளே இறக்கிவிடுகிறது. உயரத்தில் உள்ள பீச் காட்டில் ஈரம் நெடுநாள் தங்கும். அங்கே விழுந்த இலைகளுக்கடியில் வேர்கள் மறைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது வேட்டை. இத்தாலியில் வேட்டைக்காலம் செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு தொடங்கி ஜனவரி 31 வரை நீடிக்கிறது. லிகுரிய மலைகளில் காட்டுப்பன்றிகள் ஏராளம். நாய்களோடு குழுவாகச் சென்று வளைத்து வேட்டையாடுவார்கள். 1992-ஆம் ஆண்டின் 157-ஆம் எண் சட்டப்படி செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களிலும் நாடு முழுவதும் வேட்டைக்குத் தடை. முகட்டுக் காடுகளில் நீண்ட நேரம் ஓட்டுவதை இந்த இரண்டு நாள்களுக்கு ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மானியே, வரிகோத்தி என்று கடலுக்கு அருகிலேயே இருங்கள். எந்த நாளானாலும் பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். பாதையின் தொடக்கத்தில் வேட்டை நடப்பதாக அறிவிப்பு தொங்கினால் திரும்பிவிடுங்கள். அவர்களோடு வாதாட வேண்டாம்.

வண்டியைப் பற்றி: 140 மில்லிமீட்டர் போதுமானது. நான் கவலைப்படுவது டயரைப் பற்றித்தான். அந்தச் சுண்ணாம்புக்கல்லின் விளிம்புகள் கூர்மையானவை; பக்கச்சுவர் மெலிந்த டயர்கள் அங்கே கிழிந்துவிடும். தடித்த பக்கச்சுவர் உள்ள டயர்களை டியூப் இல்லாமல் பூட்டி, உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றி, மாற்று டியூப் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பிரேக் பேட்களோடு புறப்படுங்கள். கோடையில் ஆல்ப்ஸில் கிடைப்பதைப் போலப் பாதையோரத்தில் நீரூற்றுகள் இங்கே கிடைக்காது, அதனால் நீரை நிறைய எடுத்துச் செல்ல வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளப்படுவதால் அதற்குப் பிறகு மாலை ஐந்தரை மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும். பையில் ஒரு விளக்கு இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 112. மலைமீட்புக் குழுவையும் அவர்களே அனுப்புவார்கள். நிற்கும் பாதையின் பெயரைச் சொல்ல முடிந்தால் தேடும் நேரம் குறையும். ஆகவே, ஒவ்வொரு சந்திப்பிலும் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டே திரும்புங்கள்.


மழைப்பாதை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மனைவியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தோம். ஃபினால்போர்கோவில் அறை எடுத்துவிட்டோம். போன்ச்சிப் பள்ளத்தாக்கும் மானியேவும் முதல் நாளுக்கு. செவ்வாயன்று மெலோன்யோ சாலையில் மிதித்தே ஏறி, முகட்டோடு பியான் தேய் கோர்சி சென்று, ரோலர் கோஸ்டரில் இருவரும் சேர்ந்து இறங்கப் போகிறோம். வெள்ளியன்று எனக்கு மட்டும் வேன், என் மனைவி அன்று கடலோர ஊரான நோலி வரை நடக்க விரும்புகிறார். உயரத்தில் உள்ள உப்புப் பாதையை இன்னொரு ஆண்டின் செப்டம்பருக்கு ஒத்திவைத்துவிட்டோம்.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம். வார நடுவில் மழை பெய்து, மறுநாள் காலை வானம் தெளிந்தால் எந்தப் பாதைக்குப் போகலாம்? சின்க்வே தெர்ரே பக்கம் ஒரே ஒரு நாள் ஓட்டுவதற்காகப் போவது பயனுள்ளதா? என் மனைவிக்கு அந்த ஊர்களைப் பார்க்க ஆசை.


வடகாற்று எழுதியது:

நல்ல திட்டம். மழைக்கு மறுநாள் காலையில் அவசரப்படாதீர்கள். முற்பகல் வரை ஊரிலேயே இருந்து, சாந்த கத்தரீனா மடத்தில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். ஃபினால்போர்கோவுக்கு மேற்கே உள்ள கப்ரசோப்பா மேட்டில் அரேனே காந்திதே என்ற குகை இருக்கிறது. பழங்கற்கால மனிதர்களை அடக்கம் செய்த இடங்கள் அங்கே கண்டெடுக்கப்பட்டன, அவற்றைப் பற்றி இந்த அருங்காட்சியகத்தில் விரிவாக அறியலாம். காற்று வடக்கிலிருந்து வீசினால் பிற்பகலுக்குள் மானியே மேட்டின் வெயில்படும் பக்கம் ஓட்டத் தக்கதாகிவிடும். செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரம் சுழலாமல் நின்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள். அப்போது ஓட்டினால் பாதையில் பள்ளம் விழுந்து அப்படியே இறுகிவிடும் என்பதால், தார்ச்சாலை வழியாகவே இறங்கிவிடுங்கள். வரிகோத்திக்கு இறங்கும் பாறைப் பாதைகளை அன்று தொடவே வேண்டாம். நிழலில் உள்ள பாறை மேலே காய்ந்ததைப் போலத் தெரிந்தாலும் பள்ளங்களில் ஈரம் இருக்கும். அப்படி ஒரு பிற்பகலில் திரும்பி வந்தால் ஃபரினாத்தா சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை மாவையும் ஆலிவ் எண்ணெயையும் நீரில் கரைத்து, அகன்ற செப்புத் தட்டில் ஊற்றி, விறகடுப்பில் சுட்டுத் தருவார்கள்; ஈரத்தில் ஓட்டிவிட்டு வருபவருக்கு அதைவிட நல்ல உணவு அந்த ஊரில் இல்லை.

சின்க்வே தெர்ரேக்கு வண்டியை எடுத்துச் செல்லாமல் போங்கள். அந்த ஐந்து ஊர்களை இணைக்கும் கடலோரப் பாதை நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. மிதிவண்டிக்கு அனுமதி இல்லை, நெரிசலும் அதிகம். உங்கள் துணைவியார் அங்கே ஒரு நாள் நடக்கட்டும், நீங்களும் உடன் நடங்கள். ஜெனோவாவைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் ஃபினாலேயிலிருந்து ஒரே நாளில் போய்வருவது களைப்பானது. சூரிச்சுக்குத் திரும்பும் முன் கடைசி இரவை, சின்க்வே தெர்ரேயை ஒட்டிய லேவந்தோவில் வைத்துக்கொண்டால் எளிதாகும். அங்கிருந்து பொனசோலா வழியாக ஃப்ரமூரா வரை, பழைய ரயில் சுரங்கங்களுக்குள் ஆறு கிலோமீட்டர் அளவில் ஒரு மிதிவண்டிப் பாதை இருக்கிறது. சுரங்கங்களின் இடையே திறந்த இடங்களில் நின்று கடலில் இறங்கலாம். மாலையில் அதை ஓட்டிவிட்டு, மறுநாள் காலை லேவந்தோ நிலையத்தில் ரயில் ஏறினால் மொந்தெரோசோ அடுத்த நிறுத்தம்தான்.